முகவரி இல்லாதவரின் நாய்

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க ஆண்டுக்கு 50 ரூபாய்தான் கட்டணம். நெடுநாளாக ஏட்டில் தூங்கிக்கொண்டிருந்த இந்த விதியை 2025 இறுதியில் மாநகராட்சி தட்டி எழுப்பியது. உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. நவம்பர் 24 என்று கெடு வைத்து, கூட்டத்தைப் பார்த்து டிசம்பருக்குத் தள்ளிப்போட்டது. திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை என மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் வரிசை நீண்டது. வெறிநோய்த் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் இலவசம். லேப்ரடார், பொமரேனியன், கோம்பை, ராஜபாளையம் எல்லாம் எஜமானர்களோடு வந்து நின்றன. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெருநகரம் எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை.

விண்ணப்பத்தோடு கேட்கப்படுபவை: படம், தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று. முதல் இரண்டையும் யாரும் எப்படியாவது தேற்றிவிடலாம். மூன்றாவதுதான் சிக்கல். பாரிமுனையிலும் வால்டாக்ஸ் சாலையிலும் இரண்டு மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் சிலவற்றிடம் வாக்காளர் அட்டையாவது இருக்கிறது. எங்கிருந்தோ தனியாக வந்து சேர்ந்த முதியவர்களிடமும், வீட்டைவிட்டு வெளியேறிய பெண்களிடமும் அதுவும் இருப்பதில்லை. இவர்களிலும் நாய் வளர்ப்பவர்கள் உண்டு. இரவு ஒன்பது மணிக்கு மேல் சென்ட்ரலிலிருந்து யானைகவுனி வரை நடந்து பார்த்தால் தெரியும். விரித்த சாக்கின் கால்மாட்டில் ஒரு நாய் சுருண்டிருக்கும். யாராவது அருகே போனால் தலையைத் தூக்கும்.

சட்டத்தின் கண்ணில் இந்த நாய் எது? விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் (2023) நாய்களை இரண்டு பக்கமாகப் பிரித்துவைக்கின்றன. ஒன்று வீட்டில் வளரும் நாய். அதற்குப் பொறுப்பு உரிமையாளருடையது. மற்றது தெருவில் வாழும் நாய். அதற்குப் பொறுப்பு உள்ளாட்சியுடையது. நடைபாதைவாசியின் நாய்க்குப் பெயர் உண்டு, சோறு போடும் கை உண்டு, கழுத்தில் கயிறு உண்டு. வீடு இல்லை, ஆகவே உரிமம் இல்லை, ஆகவே பிடிக்க வரும் வண்டிக்கு அது தெருநாய்.

இதற்கு முன்பு இந்தக் குழப்பம் பெரிதாக உறைத்ததில்லை. பிடித்துப்போகும் நாயைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, காது நுனியில் வெட்டு அடையாளமிட்டுப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள் என்பது விதி. சில நாள் கழித்து நாய் திரும்பி வந்துவிடும். ஆனால், 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களைப் பிடித்து அடைக்கச் சொன்னதும் நாடே இரண்டுபட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது: வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை அதே இடத்தில் விடலாம், ஆனால் தெருவில் சோறு வைக்கக் கூடாது, வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும். நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, விளையாட்டரங்கம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய வளாகங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடவே கூடாது.

நாய்க்கடியால் குழந்தைகளை இழந்த பெற்றோர் இருக்கும் நாட்டில் இந்த உத்தரவுகளின் நோக்கத்தை எள்ளி நகையாட முடியாது. ஆனால், பட்டியலை மறுபடி படியுங்கள். மருத்துவமனை வாசல், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய மூன்றும் வீடற்றவர்கள் இரவைக் கழிக்கும் இடங்கள். தெருவில் நாய்க்குச் சோறு வைக்காதே என்பது வீட்டுச் சோற்றை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருபவருக்குச் சொன்னது. தெருவிலேயே தன் சோற்றையும் சாப்பிடுகிறவர் அதில் ஒரு கவளத்தைப் பக்கத்தில் வைத்தால் என்ன செய்வது? உத்தரவு எழுதியவர்கள் இவரைத் தண்டிக்க நினைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் நினைவிலேயே இவர் வந்திருக்க மாட்டார்.

மணியை எங்கே விடுவது?

வால்டாக்ஸ் சாலையில் இழுத்துச் சாத்திய கடை ஷட்டரை ஒட்டிப் படுக்கும் ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். அறுபதைத் தாண்டியவர். பகலில் அட்டைப்பெட்டி பொறுக்கி எடைக்குப் போடுகிறார். அவரிடம் இருப்பது ஒரு பெட்டை நாய். பெட்டையானாலும் பெயர் மணிதான். பழைய சேலைக் கரையைக் கிழித்துத் திரித்த கயிறு கழுத்தில். காலையில் டீக்கடையில் தனக்கு ஒரு டீ, மணிக்கு இரண்டு பொறை. சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பொறை என்பது டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் கிடக்கும் காய்ந்த ரொட்டி. அது இன்னும் விற்பதற்கு மனிதர்களைவிட நாய்களே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். மத்தியானம் அம்மா உணவகத்தின் மூன்று ரூபாய்த் தயிர் சாதம். முதல் பிடி மணிக்கு.

மழைக்காலத்திலாவது மாநகராட்சிக் காப்பகத்துக்குப் போய்ப் படுக்கலாமே என்று கேட்டேன். “இத்த எங்க வுட்டுட்டு வர்றது?” என்றார். பக்கத்து டீக்கடைக்காரர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்றேன். என் அறியாமையைப் பொறுத்துக்கொண்ட குரலில் பதில் வந்தது: “நைட்டு எவனாச்சும் கிட்ட வந்தான்னா கொலைக்கும். நீ வந்து உக்காருவியாப்பா?”

இந்தப் பதிலில் பாசத்தைவிடக் கணக்கு அதிகம். தெருவில் தூங்கும் பெண்ணுக்குத் தூக்கம் என்பதே ஆபத்து. கட்டணக் கழிப்பறைக்குப் போய்வரும் பத்து நிமிடத்தில் மூட்டை காணாமல் போகும். குடித்துவிட்டு வருகிறவன் இருக்கிறான், திருடன் இருக்கிறான், விடியும் முன் விரட்ட வருகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரையும் அவருக்கு முன்பாகப் பார்த்துவிடுவது அந்த நாய். ஒரு இரவுக்குக் கூரை தருகிறோம், மணியை விட்டுவிட்டு வா என்று சொன்னால், மறுநாள் மணி அங்கே இருக்காது என்று அவருக்குத் தெரியும். அட்டை பொறுக்க அதே தெருவுக்குத்தான் அவர் மறுபடி வந்தாக வேண்டும். கூரை ஒரு மழைக்குத்தான்; காவல் ஆண்டு முழுவதும். அவர் எடுப்பது சரியான முடிவு. நானாக இருந்தாலும் அதையே செய்வேன்.

நம் காப்பகங்கள் ஒன்றும் கருணையால் வந்தவை அல்ல. உணவு உரிமைக்காக மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சி அவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 17.7 லட்சம் பேரை வீடற்றவர்களாகக் கணக்கெடுத்தது. அவர்களில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நகரங்களில். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் காப்பகங்களுக்கு வழிகாட்டுதல் வகுத்தபோது காற்றோட்டம், குடிநீர், கழிப்பறை, பொதுச் சமையலறை, முதலுதவி, கொசுத் தடுப்பு என்று பட்டியலிட்டது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: ஒவ்வொருவருக்கும் பூட்டிவைக்கும் பெட்டி. மூட்டையை எங்கே வைப்பது என்ற பயத்திலேயே பலர் உள்ளே வரத் தயங்குவார்கள் என்று யாரோ ஒரு அதிகாரி யோசித்திருக்கிறார். அதே யோசனையை ஒரு முழம் நீட்டினால் நாய் வந்துவிடும்.

நீட்டத் தெரியாதவர்களும் அல்ல நாம். சென்னை மாநகராட்சிக் காப்பகங்களில் ஆண்களுக்கு, பெண்களுக்கு, குழந்தைகளுக்கு, முதியவர்களுக்கு, மனநலம் குன்றியவர்களுக்கு என்று தனித்தனியாக இருக்கின்றன. இவை போதாதென்று, அரசு மருத்துவமனைகளில் நோயாளிக்குத் துணையாக வந்து மரத்தடியில் படுத்துக்கிடந்தவர்களுக்காகவும் காப்பகம் கட்டினார்கள். வெளியூரிலிருந்து வந்த அந்தத் துணையாளர் வழக்கமான பொருளில் வீடற்றவர் அல்ல. அன்றிரவு அவருக்குக் கூரை இல்லை என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. நல்ல நிர்வாகம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

சட்டமாக மாறிய பிடிவாதம்

நாயை விட்டு வரமாட்டேன் என்பது சென்னைப் பாட்டியின் பிடிவாதம் மட்டுமல்ல. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களில் வீடற்றவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இது பாலபாடம்: துணை, செல்லப்பிராணி, உடைமை மூன்றையும் வாசலில் விட்டுவிட்டு வா என்றால் ஆள் வரமாட்டார். அங்கே வீடற்றவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேரிடம் விலங்கு இருப்பதாகத் தொண்டு அமைப்புகள் மதிப்பிடுகின்றன. 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த அரசுக் கணக்குப்படி அந்நாட்டில் வீடற்றவர்கள் 7,71,480 பேர். ஐந்து சதவீதம் என்று குறைத்தே வைத்தாலும் நாற்பதாயிரத்தை நெருங்குகிறது.

இந்தப் பாடத்தை அமெரிக்க அரசு கற்றது ஒரு புயலில். 2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. சூப்பர்டோம் அரங்கில் தஞ்சம் புகுந்தவர்களைப் பேருந்தில் ஏற்றியபோது விலங்குகளுக்கு அனுமதி இல்லை என்றார்கள். ஒரு சிறுவன் கையிலிருந்த வெள்ளை நாய்க்குட்டியைக் காவலர் வாங்கிக்கொண்டார். ‘ஸ்னோபால், ஸ்னோபால்’ என்று வாந்தி எடுக்கும்வரை அவன் அழுதான் என்று செய்தி வந்ததும் நாடு கொதித்தது. அழுகை செய்தியானது, அதைவிடக் கனமான தகவல் அடுத்த ஆண்டு ஃபிரிட்ஸ் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் வந்தது. வெளியேற மறுத்துத் தங்கிவிட்டவர்களில் 44 சதவீதம் பேர் சொன்ன காரணங்களில் ஒன்று, வளர்ப்பு விலங்கை விட்டுவர மனமில்லை என்பது. விலங்குக்கு இடமில்லை என்ற விதி மனித உயிர்களை வெள்ளத்தில் நிறுத்திவைத்திருந்தது. 2006 அக்டோபரில் சட்டம் வந்தது: பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்த்தால்தான் மத்திய அரசின் உதவி. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம்.

புயலில் வீடிழந்தவரின் நாய்க்குக் கிடைத்த மரியாதை, வேலை போய் வீடிழந்தவரின் நாய்க்குக் கிடைக்க மேலும் பதிமூன்று ஆண்டு ஆனது. 2019இல் கலிஃபோர்னியா மாநிலம் தன் வரவுசெலவுத் திட்டத்தில் 50 லட்சம் டாலரை ஒதுக்கியது. காப்பகங்கள் அதை வாங்கி விலங்குகளுக்கு இடம், தீனி, அடிப்படை மருத்துவம் ஆகியவற்றுக்குச் செலவிடலாம். அந்த மாநிலத்தின் வரவுசெலவில் இது கடுகு.

ஆனால், அரசுகள் விழிக்கும் முன்பே கால்நடை மருத்துவர்கள் விழித்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கதைதான் சுவையானது. அதே கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ நகரில் வீடற்றவர்களுக்குச் சோறு போடும் தொண்டு வளாகம் ஒன்று உண்டு. 1992 முதல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் கால்நடை மருத்துவ மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே மெர்சர் மருத்துவமனை என்ற பெயரில் இலவச முகாம் நடத்துகிறார்கள். ஊசி, குடற்புழு மருந்து, கருத்தடை, தீனி. மாணவர்களுக்கு அது பயிற்சி. நாய்களுக்கு அது வைத்தியம். நகரத்துக்கு அது நோய்த் தடுப்பு. மூன்று தரப்புக்கும் ஆதாயம் உள்ள ஏற்பாடு என்பதால்தான் முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது.

கனடாவின் ஒட்டாவா நகரில் மிஷல் லெம் என்ற கால்நடை மருத்துவர் 2003இல் தொடங்கிய அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. மருத்துவமனை என்றாலே ஒதுங்கும் மனிதர்கள், தங்கள் நாய்க்கு ஊசி என்றால் வரிசையில் வந்து நின்றார்கள். வந்தவர்களை அப்படியே விடுவானேன்? அதே இடத்தில் மனிதர்களுக்கும் ஒரு மேசை போட்டார்கள். காய்ச்சல் தடுப்பூசி, பல் பரிசோதனை, புகைப்பழக்கத்தை விட ஆலோசனை. “நீ புகைப்பதால் உன் நாய்க்கும் கேடு” என்று கால்நடை மருத்துவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்களாம்.

லண்டனில் 2016இல் ஜேட் ஸ்டாட், சாம் ஜோசப் என்ற இரு கால்நடை மருத்துவர்கள் முதுகுப்பையில் மருந்தை நிரப்பிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். ஸ்ட்ரீட்வெட் என்ற அந்த அமைப்பு இன்று பல ஊர்களில் பரவியிருக்கிறது. விடுதிகளை நாய்க்கு ஏற்றவையாக மாற்றப் பயிற்சி கொடுத்து அங்கீகாரமும் தருகிறது. இதே லண்டனில்தான் தெருவோரம் கித்தார் வாசித்துப் பிழைத்த ஜேம்ஸ் போவனுக்கு பாப் என்ற பூனை கிடைத்தது. 2012இல் புத்தகம், 2016இல் சினிமா, பாப் இறந்த பிறகு 2021இல் இஸ்லிங்டன் பூங்காவில் சிலை. பூனை ஒருவனைப் போதையிலிருந்து மீட்ட கதையாக உலகம் அதைக் கொண்டாடியது. போவனுக்கு அப்போது அரசு ஏற்பாட்டில் ஒரு சிறு வீடு இருந்தது, போதை மீட்புச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது, பூனையை உள்ளே கொண்டுவர முடிந்தது. இந்த மூன்றும் இல்லாமல் பூனை மட்டும் என்ன செய்திருக்கும் என்று கேட்க ஆளில்லை. கூரையும் சிகிச்சையும் சிலையாக நிற்பதில்லை.

‘தனக்கே சோறில்லை, இவருக்கு எதற்கு நாய்?’ என்ற கேள்வி எந்த ஊரிலும் உண்டு. கொலராடோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் லெஸ்லி இர்வின் இதைப் பற்றியே ஆய்வு செய்து 2013இல் புத்தகம் எழுதினார். அவரே முன்பு ஒருமுறை தெருவோர மனிதரிடம் அவரது நாயை விலைக்குக் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டவர். பிறகு பல நகரங்களில் அலைந்து வீடற்றவர்களிடம் பேசியபோது திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: நாய் சாப்பிட்ட பிறகே நான். வீட்டு நாய் பகல் முழுக்க பூட்டிய வீட்டில் தனியாகக் கிடக்கிறது, என் நாய் ஒரு நிமிடமும் என்னைப் பிரிவதில்லை என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அடுக்குமாடி பால்கனியில் எஜமானருக்காகக் காலையிலிருந்து இரவு வரை ஊளையிடும் நாய்களைக் கேட்டவர்களுக்கு இதில் நியாயம் தெரியும்.

விலங்கோடு நடமாடும் வாழ்க்கை நமக்கு ஒன்றும் இறக்குமதிச் சரக்கல்ல. கிடை போட்டு ஊர் ஊராகப் போகும் கீதாரிக்கும் பூம்பூம் மாட்டுக்காரருக்கும் நிலையான கதவிலக்கம் எப்போது இருந்தது? அறுவடை முடிந்த வயலில் அவர்களுக்கு இடம் கொடுக்க ஊருக்குத் தெரிந்திருந்தது. நகரத்துக்குத்தான் தெரியவில்லை.

ஊசியில் தொடங்கலாம்

சென்னைக்கு வருவோம். இங்கே வேலையைத் தொடங்கவேண்டிய இடம் வெறிநோய் என்பது என் கருத்து. கருணை பேசினால் ‘மனுஷனுக்கே இடமில்லை’ என்று பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். வெறிநோய் என்றால் உட்கார்ந்து கேட்பார்கள்.

அறிகுறி தெரிந்த பிறகு வெறிநோயிலிருந்து பிழைப்பது ஏறத்தாழ இல்லை. நாயால் பரவும் வெறிநோயை 2030க்குள் ஒழிப்பதாக இந்தியா 2021இல் தேசியத் திட்டம் அறிவித்தது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து ஊசி போட்டால்தான் சங்கிலி அறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் என்று 2024 கணக்கெடுப்பு சொன்னது. 2025இல் மாநகராட்சி வார்டு வார்டாக இறங்கி ஊசி போட்டது. வலையோடு ஆட்கள் பாய்வதும், நாய்கள் சந்துக்குள் சிதறுவதும், பிடிபட்டதன் முதுகில் ஊசி போட்டதற்கு அடையாளமாகச் சாயம் பூசுவதும் பார்த்திருப்பீர்கள். ஒரு தெருவில் ஒரு முறை வலை வீசிவிட்டால் அடுத்த முறை அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே நாய்கள் இருக்காது.

மணிக்கு வலை வேண்டாம். பாட்டி அதட்டினால் உட்காரும். அவர் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, ஊசி அரை நிமிட வேலை. அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதே கை பிடித்துக்கொடுக்கும். நடைபாதை நாய்களைக் காட்டுவதற்கும், எந்த நாய்க்கு உடம்பு சரியில்லை, எது குட்டி போட்டிருக்கிறது என்று சொல்வதற்கும் நடைபாதைவாசியைவிடச் சிறந்த ஆள் மாநகராட்சிக்குக் கிடைக்காது. பல தெருநாய்களை அவர்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும். இவ்வளவு பயனுள்ள ஒருவரை நாய்த்தொல்லைக்குக் காரணமானவர் என்று ஓரங்கட்டுவது வீண்.

முகாம் இரவில் நடக்க வேண்டும். பகலில் இவர்கள் வேலைக்குக் கலைந்துவிடுவார்கள். ஒன்பது மணிக்கு மேல்தான் சாக்கை விரிப்பார்கள். கால்நடை உதவியாளர் இருவர், குளிர்பெட்டி ஒன்று, பக்கத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியர். ஒட்டாவாவில் போட்ட அந்த இரண்டாவது மேசையை வால்டாக்ஸ் சாலையிலும் போடலாம். ஊசி போட்ட நாய்க்குக் கண்ணில் படும் நிறத்தில் ஒரு கழுத்துப்பட்டை. எண்ணும் பொறுப்பாளர் பெயரும் மாநகராட்சிப் பதிவேட்டில். முகவரி இடத்தில் அருகிலுள்ள காப்பகத்தையோ மண்டல அலுவலகத்தையோ ஏற்றுக்கொள்ளலாம். ரயில் நிலைய வாசலில் நாய் பிடிக்க வருபவர்களுக்கு அந்தப் பட்டை ஒன்றைச் சொல்லும்: வலையை வீசும் முன் ஆளைத் தேடு. பெட்டை நாய்களுக்குக் கருத்தடையும் கையோடு நடக்க வேண்டும். நடைபாதையில் ஆறு குட்டிகளோடு மழைக்காலத்தை ஓட்டுவதைப் பாட்டியும் விரும்புவதில்லை. அறுவை முடிந்து நாய் எந்தத் தேதியில் திரும்பும் என்று எழுதிக் கொடுத்தால்தான் அவர் கயிற்றை அவிழ்த்துத் தருவார். திரும்பாத நாய்களின் கதைகளை அவர் நிறைய கேட்டிருக்கிறார்.

காப்பகம் என்று வந்தால் எதிர்ப்புகள் நியாயமானவை. காப்பகப் பொறுப்பாளர் ஒருவரிடம் கேட்டபோது அடுக்கினார்: கடித்தால் யார் பொறுப்பு, இரவெல்லாம் குரைத்தால் மற்றவர்கள் தூங்குவது எப்படி, நாயைக் கண்டாலே நடுங்கும் பெண்கள் இருக்கிறார்கள், உண்ணி ஏறினால் போர்வை எல்லாம் போச்சு. எதையும் மறுக்க முடியவில்லை. எல்லாக் காப்பகங்களிலும் நாயை விடு என்று யாரும் கேட்கவும் இல்லை. வடசென்னையில் ஒன்று, மத்திய சென்னையில் ஒன்று என்று தொடங்கலாம். கட்டடத்துக்குள் வேண்டாம், சுற்றுச்சுவரை ஒட்டித் தகரக் கூரை, கழுவிவிடத் தோதான தரை, தனித்தனித் தடுப்பு. ஊசி போட்ட பட்டை இருந்தால்தான் அனுமதி. கழுவுவது உரிமையாளர் வேலை. கடித்தால் வெளியே. நாயோடு வருகிறவர் அந்தத் தடுப்புக்குப் பக்கத்திலேயே படுக்க விரும்பினால் படுக்கட்டும். முதல் சில நாள் பெரும்பாலும் அதைத்தான் விரும்புவார்.

‘மனிதர்களுக்கே இடம் போதவில்லை’ என்ற வாதத்துக்கு மட்டும் நான் இணங்க மாட்டேன். நாய்க்கு இடமில்லை என்பதால் மிச்சமாவது நாயின் இடமல்ல, அந்தப் பாட்டியின் இடம். அதை மிச்சம் என்று கணக்கெழுதக் கூடாது.

கூண்டு வண்டியில் பிடித்துவந்து நாய்களைக் கொன்றுகொண்டிருந்த நகரம் இது. 1964இலேயே கருத்தடைதான் தீர்வு என்று விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் சொல்லத் தொடங்கியது. மாநகராட்சி கேட்டு, கொல்வதை விட்டுக் கருத்தடைக்கு மாறியது 1996இல். முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்த அந்த மாற்றம் பிறகு நாட்டுக்கே விதியானது. இம்முறை அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. ஊசி இருக்கிறது, மையங்கள் இருக்கின்றன, காப்பகங்கள் இருக்கின்றன; இவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் சுற்றறிக்கைதான் இல்லை.

இன்னொரு ஏற்பாடு, மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது. சென்ற மழையில் பாட்டியின் காலில் புண் பழுத்து வீங்கியது. உள்நோயாளியாகச் சேர் என்று சொல்லியிருக்கிறார்கள். சேராமல் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். காரணம் கேட்கத் தேவையில்லை. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இப்படித்தான் விரல் போகும், பிறகு பாதம் போகும். அதற்கு ஆகும் மருத்துவச் செலவு அரசின் தலையில்தான் விழும். ஒரு நாயைப் பத்துப் பதினைந்து நாள் வைத்துச் சோறு போட ஆகும் செலவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்தப் பொருளாதார மேதையும் வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளின் சமூகப் பணியாளரிடம் ஒரு தொலைபேசி எண்; அழைத்தால் வந்து நாயை வாங்கிக்கொண்டு, படத்தோடு ரசீது கொடுத்துப் போகும் ஆள்; வீடு திரும்பும் நாளில், வீடு என்று ஒன்று இல்லாவிட்டாலும், நாயைத் திருப்பித் தரும் உத்தரவாதம். கூண்டுகளும் மாணவர்களும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஏற்கெனவே இருக்கிறார்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம்.